படச்சுவரும் ஓர் இடாப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி மண்டபத்தில் படச்சுவர் திறந்துவைக்கப்பட்ட அன்று ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள். சங்கத்தார் எனக்குத் தந்த வேலை வேறு. இந்த மண்டபத்துச் சுவரில் நூறு வருடத்தை மாட்டித் தரவேண்டும் என்றார்கள். நாலு ஆணி அடிக்கிற வேலைதானே என்று எண்ணி ஓம் என்றேன். அந்த வேலைக்கு எட்டு மாதம் பிடித்தது.

படங்கள் வரத் தொடங்கியதும் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். திருக்கடலூர், உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி, மூதூர் என்று நாலாபக்கமிருந்தும் வந்தன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் அக்காமார் ஸ்கான் செய்து அனுப்பினார்கள். வலைப்பந்து அணி, நவராத்திரி கலைவிழா, மனையியல் வகுப்பில் தைத்த பூவேலைத் துணிகள், கோட்டைக்குள் ஆலமர நிழலில் படுத்திருக்கும் மான்களை ஒரு மாணவி நீர்வர்ணத்தில் தீட்டிய ஓவியம் என எல்லாம் வந்தன. 2005 இல் ஒரு சிறுபிள்ளை கீறிய படத்தில் வள்ளங்கள் எல்லாம் வீதியில் நிற்கின்றன. அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதவில்லை, ஆண்டை மட்டும் எழுதினோம்.

ஆனால் வந்த படங்களில் பாதி நோயாளிகள். பூஞ்சணம் பிடித்தவை, வெள்ளிப்பூச்சி அரித்தவை, நிறம் போனவை. 1970களிலும் 80களிலும் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்துபோயிருக்க, அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் திடமாக இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. கலர்ப் படத்தில் இருப்பது சாயம், அது வெளிச்சம் படாவிட்டாலும் காலப்போக்கில் மங்கும்.

என் சொந்தக் குற்றமொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் அம்மாவின் கலியாணப் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிறேம் போட்டு, கடல் பார்த்த சுவரில் மாட்டி வைத்தவள் நான். சில மாரி கழித்துக் கழற்றினேன். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் முகத்தில் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. வேறு பிரதி இல்லை. இந்தச் சுவரில் அந்தப் பிழை நடக்கக் கூடாது என்பதே எனக்கு முதல் கவலையாக இருந்தது.

துறைமுகப் பட்டினத்தில் சுவரும் ஒரு நோயாளிதான். மாரியில் ஈரம், கச்சான் காலத்தில் உப்பும் புழுதியும். சாதாரண ஆணி இரண்டு வருடத்தில் துருப்பிடித்துச் சுவரில் கண்ணீர்க் கோடு விடும். ஆகவே துருப்பிடிக்காத உருக்கு ஸ்குறூதான் போட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மட்டை விளிம்பு வைத்து இடைவெளி விட்டோம். மட்டையும் அமிலமில்லாத மட்டை, சாதாரண மட்டை படத்தை மஞ்சளாக்கிவிடும். பிறேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சிறு றப்பர் பொத்தான்கள் ஒட்டினோம். சுவருக்கும் பிறேமுக்கும் நடுவே காற்று ஓடினால் ஈரம் தங்காது. எங்கள் ஓடாவியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "டொக்டர், மனிசருக்கும் இவ்வளவு பாக்கிறீங்களோ?" என்றார்.

முக்கியமான முடிவு இன்னொன்று. நீங்கள் சுவரில் பார்க்கும் புகைப்படங்கள் எல்லாம் பிரதிகள். மூலப்படங்களை ஸ்கான் செய்து, தந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம். பாடசாலைக்கென்று தந்தவை இருட்டான, காய்ந்த அலுமாரியில் இருக்கின்றன. நீர்வர்ண ஓவியமும் பூவேலைத் துணிகளும் மட்டுமே அசல். அவற்றை யன்னல் வெயில் படாத உள்மூலையில் வைத்திருக்கிறோம். ஸ்கான் செய்த கோப்புகளை மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம், ஒன்று ஊருக்கு வெளியே. 1964 மார்கழிச் சூறாவளியையும் 2004 மார்கழி ஆழிப்பேரலையையும் கண்ட ஊர் இது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது எங்களுக்குப் புத்தியல்ல.

1950 இல் கோணேசர் கோவிலின் பழைய திருவுருவங்கள் கிணறு வெட்டும்போது மண்ணிலிருந்து வெளிப்பட்ட கதையை நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். போர்த்துக்கேயர் கோவிலை இடித்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அவை மீண்டு வந்தன. உலோகம் காத்திருக்கும். கடதாசி மூன்று மாரி கூடக் காத்திராது.

அடுத்தது, எதை எங்கே வைப்பது? முதல் திட்டத்தில் அதிபர்களின் படங்களை மேலே வரிசையாகப் போட்டிருந்தோம், எல்லா இடத்திலும் போடுவதுபோல. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பார்த்துவிட்டு, "பிள்ளை, எங்களை உத்தரத்தில கட்டிவிட்டா ஆர் அண்ணாந்து பாக்கிறது? பிள்ளைகளுக்கு நடுவில விடு" என்றார். அப்படியே செய்தோம். ஒவ்வொரு பிறேமின் அளவுக்கும் பிறவுண் பேப்பர் வெட்டி, மண்டபத் தரையில் பரப்பி, மூன்று நாள் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெரியவை கீழும் நடுவும், சிறியவை சுற்றிவர, இடைவெளி எங்கும் இரண்டரை அங்குலம். பிறகு பேப்பரைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே துளை போட்டோம். ஆகவே சுவரில் ஒரு வீண் துளையும் இல்லை. படங்களின் நடுக்கோட்டைத் தரையிலிருந்து 57 அங்குலத்தில் வைப்பது பொது வழக்கம். நாங்கள் 54 இல் வைத்தோம். ஆறாம் தரத்துப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு 57 சற்று உயரம்.

எல்லாம் சரியாக வந்தது, ஓர் இடத்தைத் தவிர. 1990.

அப்போது நான் ஆண்டு ஏழில் இருந்தேன். அந்த ஆண்டு ஆனி மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கியது. எங்கள் வகுப்புப் படம் எடுக்கப்படவில்லை. சிலர் முகாம்களுக்குப் போனோம், சிலர் யாழ்ப்பாணம் போனார்கள், சிலர் வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். சிலர் எங்குமே போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த வீடுகளில் அல்பங்கள் இருக்கவில்லை. ஒரு பிறந்தநாள் படம்கூட எங்களில் பலரிடம் இல்லை.

இரண்டு பக்கத்துப் படங்களையும் கொஞ்சம் நெருக்கிவிட்டால் இடைவெளி தெரியாது என்றார் ஒருவர். துறைமுகத்தின் அழகான காட்சியொன்றைப் போடலாம் என்றார் இன்னொருவர். இருவரும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். என்னால் சம்மதிக்க முடியவில்லை. சுவர் நெருங்கிவிட்டால் நாங்கள் படிக்கவே இல்லை என்றாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் வகுப்பில் தொடர்பில் உள்ள ஆறு பேர் வட்ஸ்அப்பில் கூடினோம். முகம் இல்லை, இடாப்பாவது இருக்கட்டும் என்று தொடங்கினோம். ஒரு விசயம் அப்போதுதான் தெரிந்தது. எவருக்கும் முழு இடாப்பு ஞாபகமில்லை, ஆனால் தன் பெயருக்கு முதல் வந்த பெயரும் அடுத்து வந்த பெயரும் ஒருத்திக்கும் மறக்கவில்லை. தினமும் அந்தப் பெயர் கேட்டதும் "வந்தேன் ரீச்சர்" என்று சொல்லத் தயாராகிய காது அல்லவா! ஒருத்தியைப் பிடித்து அடுத்தவளைத் தேடி, அவள் சொல்லி இன்னொருத்தியைத் தேடி, நாலு கிழமையில் 39 பெயர்கள் சேர்ந்தன. எங்கள் வகுப்பாசிரியைக்கு 42 பேர் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

பெயர்களை அவரிடம் கொண்டுபோனேன். நடுங்கும் கையால், கோடு போட்ட தாளில், இலக்கமிட்டு அவரே எழுதித் தந்தார். இறந்துபோனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஏதும் அடையாளம் இடுவோமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வராத பிள்ளைக்குத்தான் இடாப்பில குறி போடுறது. இதில எல்லாரும் வந்திருக்கினம்."

அந்தத் தாள்தான் மூன்றாவது வரிசையில், நீர்வர்ண மான்களுக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதில் மூன்று கோடுகள் வெறுமையாக உள்ளன.

இந்தச் சுவருக்குத் திறப்புவிழா இன்று, ஆனால் வேலை முடியவில்லை. பல குழுப்படங்களில் பெயர் தெரியாத முகங்கள் இருக்கின்றன. சுவரின் அடியில் மேசையில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்திருக்கிறோம். யாரையாவது அடையாளம் கண்டால் படத்தின் இலக்கத்தையும் இடமிருந்து எத்தனையாவது ஆள் என்பதையும் எழுதிவிடுங்கள். வீட்டில் பழைய படமிருந்தால் இன்றிரவே அதன் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரை எழுதுங்கள். பேனை வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும். பாட்டிமாரைக் கேட்டு எழுதுங்கள், அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே.

1990 இல் ஆண்டு ஏழில் எங்களோடு இருந்தவர்கள் இம்மலரை எங்கிருந்தாவது வாசித்தால், உங்களுக்கு அடுத்து இடாப்பில் வந்த பெயரைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். ரீச்சரின் பேனை எங்களிடம்தான் இருக்கிறது.