இரண்டு காட் போட்ட கொம்பியூட்டரும் பொருத்தம் பார்த்தலும்

(எமது சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணை, இளம் பிள்ளையளுக்குப் பிரயோசனமாய் ஏதாவது பேசுங்கோ" என்று கேட்டார். திருக்குறள் பேச இங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் றேடியோ திருத்தினவன். ஆகவே எனக்குத் தெரிந்ததைத்தான் பேசப் போகிறேன். கேம் விளையாடுவதற்கென்று பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, இரண்டு கிராபிக்ஸ் காட் போட்டு, வீட்டிலேயே ஒரு கொம்பியூட்டர் பூட்டினோம், நானும் என்ரை மகனும். அதில் எங்கே எங்கே பிழைவிட்டோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

"உதென்ன விளையாட்டுக் கதை" என்று பெரியவர்கள் நினைக்கக்கூடாது. அந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் காசும் போனது. காசு கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்றும் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊர்க்கதை ஒன்று. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரத் தடை. செய்தி கேட்காமல் இருக்க முடியுமோ? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னுடைய கடைக்கு எரிந்த றேடியோக்கள் வரும். காரணம் எப்போதும் ஒன்றுதான். நாலு பற்றரி போடுகிற றேடியோவுக்கு 6 வோல்ற் வேணும். இரண்டு பற்றரி போடுகிற றேடியோவுக்கு 3 வோல்ற்தான் வேணும். டைனமோ 6 வோல்ற். அதுவும் வேகமாய்ச் சுற்றினால் இன்னும் கூடும். பற்றரி மாதிரி ஒரே பக்கமாய் ஓடுகிற மின்சாரமும் அல்ல. டயோட் போட்டு மாற்ற வேணும். டைனமோவும் நல்லது, றேடியோவும் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்த நான், லண்டனில் இருபது வருசத்துக்கு மேல் இருந்த பிறகு, அதே பிழையை விட்டேன்.

2017 ஆம் ஆண்டு. மகனுக்குப் பதினேழு வயது. சனி ஞாயிறுகளில் ஒரு கடையில் வேலை செய்து காசு சேர்த்தான். அவனுக்கு ஒரே ஆசை, இரண்டு கிராபிக்ஸ் காட் போட்ட கொம்பியூட்டர். கிராபிக்ஸ் காட் என்பது திரையில் வருகிற படத்தைக் கணக்குப் போட்டு வரைகின்ற பாகம். ஒன்று வரைகிற இடத்தில் இரண்டு வரைந்தால் வேகம் கூடும் அல்லவா? இது புது யோசனையும் அல்ல. 1998 இலேயே 3டிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் தன்னுடைய வூடூ 2 காட்டுகள் இரண்டைச் சேர்த்து, திரையின் ஒரு வரியை ஒன்றும் அடுத்த வரியை மற்றதும் வரையச் செய்தது. அதை எஸ்.எல்.ஐ. என்றார்கள். பின்னர் அந்த நிறுவனத்தின் சொத்துக்களை என்விடியா வாங்கி, 2004 இல் அதே எழுத்துக்களோடு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. 2005 இல் ஏ.ரி.ஐ. நிறுவனம் குரொஸ்பயர் என்று இன்னொன்றை வெளியிட்டது.

மகன் ஜி.ரி.எக்ஸ். 1060 காட் ஒன்றை வாங்கினான். சில மாதம் கழித்து அதே காட் இன்னொன்று பழசாக வாங்கினான். இரண்டுக்கும் 400 பவுணுக்கு மேல். பெட்டியைத் திறந்து பார்த்தவன் பேசாமல் இருந்துவிட்டான்.

"என்ன தம்பி?"

"அப்பா, இதிலை பிரிட்ஜ் கொழுவுற இடமே இல்லை."

இரண்டு காட்டையும் மேலால் இணைக்கின்ற சிறிய துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். 1070, 1080 காட்டுகளில் அதற்கு இடம் உண்டு. 1060 இல் இல்லை. அந்தக் காட்டுக்கு எஸ்.எல்.ஐ. வசதியே கொடுக்கப்படவில்லை. முதலில் ஒன்றை வாங்குவோம், பிறகு இன்னொன்றைச் சேர்ப்போம் என்று நினைத்தவன், சேர்க்க முடியுமோ என்று பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "குளிருக்குள்ளை நிண்டு உழைச்ச காசை இப்பிடியோ கொட்டுறது?" என்று பேசிவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் கதை இல்லை. மூன்றாம் நாள் மனைவி சொன்னா: "ஊரிலை ஆற்றையோ றேடியோவுக்கு விடிய விடியக் குந்தியிருந்தியள். பெத்த பிள்ளையோடை ஒரு மணித்தியாலம் இருக்கேலாதோ?" அன்று இரவு நானும் மகனும் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு மேசையில் இருந்தோம். கலியாணத்துக்குச் சாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தக் கொப்பியில் உள்ளதைத்தான் இனிச் சொல்கிறேன்.

முதலாவது பொருத்தம், காட்டுக்கும் மதர்போட்டுக்கும். நீளமான ஸ்லொற் இரண்டு இருந்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. அவனிடம் இருந்தது பி250 வகை மதர்போட். அதில் பெரிய ஸ்லொற் இரண்டு இருந்தாலும், புரோசசரில் இருந்து வருகிற 16 பாதைகளும் முதலாவது ஸ்லொற்றுக்கே போகும். எஸ்.எல்.ஐ.க்கு ஒவ்வொரு காட்டுக்கும் குறைந்தது 8 பாதை வேணும். 16 ஐ எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுப்பது இசட்270 வகைதான். அதிலும் எஸ்.எல்.ஐ. அனுமதி பெற்ற போட்டாக இருக்க வேணும்.

இரண்டாவது, மதர்போட்டுக்கும் புரோசசருக்கும். இங்கே பெயரை நம்பி ஏமாறக்கூடாது. அந்த 2017 இலேயே இன்ரெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறைப் புரோசசருக்கும், ஒக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைப் புரோசசருக்கும் சொக்கற் பெயர் ஒன்றுதான், 1151. புதியது பழைய போட்டில் அளவாக இருக்கும். ஆனால் வேலை செய்யாது. ஆகவே போட் செய்தவர்கள் வெளியிடுகின்ற புரோசசர் பட்டியலில் உங்கள் புரோசசரின் பெயர் இருக்கிறதோ என்று பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேணும்.

மூன்றாவது, றாம். டி.டி.ஆர்.4 உம் டி.டி.ஆர்.5 உம் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போட்டுகள் 2022 இல் வந்தவை. அவற்றுக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே. இரண்டு துண்டு ஒரே பெட்டியில் சோடியாக வருவதை வாங்குவது நல்லது. ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த வருசமும் வாங்கினால் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

நாலாவது, பெட்டியும் காற்றும். காட்டின் நீளத்தையும் பெட்டிக்குள் உள்ள நீளத்தையும் அடிமட்டம் வைத்து அளவுங்கோ. புரோசசரின் மேல் வைக்கிற கூலரின் உயரத்தையும் அளவுங்கோ. இரண்டு காட்டும் ஒட்டி நின்றால் மேலே உள்ளதற்கு மூச்சு விட இடமில்லை, சூடேறி வேகம் குறையும். பிரிட்ஜும் ஸ்லொற்றுகளுக்கு இடையில் உள்ள தூரத்துக்குத் தக்கதாக வேணும்.

ஐந்தாவது, பவர் சப்ளை. இதுதான் முக்கியம். நாங்கள் 1060 இரண்டையும் நட்டத்துக்கு விற்று, பழைய 1070 இரண்டு வாங்க முடிவுசெய்தோம். ஒன்றுக்கு 150 வாற்ஸ், இரண்டுக்கு 300. ஐ7-7700கே புரோசசருக்கு 91. மற்றச் சில்லறை எல்லாவற்றுக்கும் ஒரு 60. எல்லாமாக ஏறத்தாழ 450. கரைக்குக் கரை வாங்கக்கூடாது, ஏனென்றால் காட்டுகள் கண்நேரத்துக்குக் கூடுதலாக இழுக்கும். ஆகவே 650 என்று எழுதினோம். வாற்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. காட்டுக்குப் போகிற 8 முனைப் பிளக் இரண்டு வேணும். அவனுடைய பழைய 500 வாற்ஸ் சப்ளையில் ஒன்றுதான் இருந்தது.

பொருத்தம் எல்லாம் சரி. பாகங்களும் வந்தன. இனித்தான் என்னுடைய பிழை.

பழைய சப்ளையும் புதியதும் வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய வகை. பழைய வயர்களை மகன் பெட்டிக்குள் வடிவாகக் கட்டி வைத்திருந்தான். "அப்பா, புது வயரைப் போடுவமோ?" என்று கேட்டான். நான் பிளக்கைப் பார்த்தேன். அளவாகப் போனது. "அதே பிளக்தானே, ஹாட் டிஸ்க்குக்குப் போற வயரை ஏன் குழப்புவான், விடு" என்றேன். சுவிச்சைப் போட்டோம். ஒரு மணம் வந்தது. றேடியோக் கடையில் நான் நன்றாக அறிந்த மணம்.

டிஸ்க் பக்கத்துப் பிளக் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆனால் சப்ளை பக்கத்தில் எந்த முனையில் எந்த வோல்ற் வருகிறது என்பதைச் செய்கின்றவர்கள் தங்கள் தங்கள் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். 5 வோல்ற் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ற் போய்விட்டது. பிள்ளைகளே, நான் சொன்னதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதையுங்கோ: ஒரு சப்ளையின் வயரை இன்னொரு சப்ளையில் மாட்டக்கூடாது.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது? 1990களில் ஊரில் இருந்து ஆட்களின் கையில் அம்மா அனுப்பிய கசற்றுகள். கடிதம் எழுதச் சோம்பல் என்று கசற்றில் பேசி அனுப்புவா. மூன்று கசற். மகன்தான் அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தந்தான். ஏற்றி முடிந்ததும், நாடா பழுதாகிவிட்டது என்று இரண்டை நானே குப்பையில் போட்டேன். அம்மா காலமாகிப் பல வருசம். டிஸ்க்கைத் திருத்துகிற இடத்துக்கும் கொண்டுபோனேன். எடுக்க முடியவில்லை.

மகன் என்னைப் பேசியிருக்கலாம். இரண்டு காட்டுக்காக நான் அவனைப் பேசினேனே. அவன் பேசவில்லை. மிச்சமிருந்த ஒரு கசற்றை எடுத்து, திரும்ப ஏற்றி, "அப்பா, இனி இரண்டு இடத்திலை வைப்பம்" என்றான். அந்தக் கசற்றில் அம்மா, மாமரம் காய்த்ததையும், கிணற்றடி மதில் விழுந்ததையும் சொல்லுவா. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது.

சரி, இரண்டு காட் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சில கேம்கள் அருமையாக ஓடின. சிலவற்றில் இரண்டாவது காட் சும்மா இருந்தது. ஒரு படத்தை ஒன்றும் அடுத்த படத்தை மற்றதும் வரைவதால், சிலவேளை படம் துள்ளித் துள்ளி வந்தது. 8 ஜிபியும் 8 ஜிபியும் 16 ஆகவும் இல்லை. ஒவ்வொரு காட்டும் முழுவதையும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், ஆகவே எட்டு எட்டுத்தான். அடுத்த வருசம் ஒன்றை விற்றுவிட்டான்.

இன்றைக்கு வாங்க நினைக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேம் விளையாட இரண்டு காட் என்ற காலம் முடிந்துவிட்டது. 2021 ஜனவரி முதலாம் திகதியுடன் என்விடியா பழைய காட்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. ஒழுங்குகள் சேர்ப்பதை நிறுத்தியது. 2022 இல் வந்த 40 வரிசைக் காட்டுகளில் பிரிட்ஜ் கொழுவும் இடமே இல்லை. ஆகவே இரண்டு காட்டுக் காசுக்கு ஒரு நல்ல காட் வாங்குங்கோ. முப்பரிமாணப் படம் செய்கிறவர்களுக்கும், வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மொடல் ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டு காட் இன்றும் பிரயோசனம். அந்த மென்பொருட்கள் வேலையைத் தாங்களே பிரித்துக் கொடுக்கும். மொடலைப் பிரித்து வைத்தால் இரண்டு காட்டின் நினைவகமும் சேர்ந்தே பயன்படும். ஆனால் ஸ்லொற், சப்ளை, காற்று என்று நான் சொன்ன பொருத்தங்கள் அவர்களுக்கும் வேணும். ஆர்.ரி.எக்ஸ். 4090 ஒன்றுக்கே 450 வாற்ஸ் என்பதை நினைவில் வைத்திருங்கோ.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பாகம் வாங்குவதற்கு முதல் ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருங்கோ. உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியத் தேவையில்லை. "இது அதோடை பொருந்துமோ, எங்கை எழுதியிருக்கு, காட்டு" என்று கேட்டால் போதும். பிள்ளைகளே, அப்பா "அதே பிளக்தானே, விடு" என்று சொன்னால், நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கோ.

வீட்டில் பழைய கசற்றுகள் இருந்தால், ஏற்றின பிறகும் எறிய வேண்டாம். அவற்றை ஏற்றித் தர என்ரை மகன் ஆயத்தமாக இருக்கிறான். சங்கத்தில் பெயர் கொடுங்கள்.