இல்லறத்தாரின் நிறைமகிழ்வு: பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் மரபு

பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபை இன்று கைக்கொள்ளும் விதிநூலுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1978 ஜூன் 24 அன்று ஒப்புதல் வழங்கினார். மொத்தம் 26 விதிகள் கொண்ட சிறு நூல் அது. எந்தச் சூழலிலும் நிறைமகிழ்வின் தூதராய் இருந்து, பிறருக்கு மகிழ்ச்சியும் நம்பிக்கையும் கொண்டுசெல்ல முயல வேண்டும் என்று அதன் 19ஆம் விதி கூறுகிறது. மடத்துக்குப் போகாமல், குடும்பமும் தொழிலுமாக ஊருக்குள் வாழ்ந்துகொண்டே வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கான சட்டம் இது. நோன்பை விதிக்கலாம், செபத்தை விதிக்கலாம். மகிழ்ச்சியை எப்படி விதிக்க முடியும்? இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருளின் வேர் இந்தக் கேள்விதான்.

இதற்கு இறையியல் தரும் விடையைத் தொமினிக்கன் சபையைச் சேர்ந்த தாமஸ் அக்குவினாஸ் தெளிவாக வகுத்திருக்கிறார். மகிழ்ச்சி தனியொரு நற்பண்பு அன்று, இறையன்பு உள்ள இடத்தில் அது தானாக விளைகிறது என்பது அவர் கருத்து. அதற்கு எதிரான நோயாக அவர் சுட்டுவது, இறைவன் தரும் நன்மையைக் கண்டே மனம் சோர்ந்துபோகும் ஆன்மிகச் சலிப்பை. இதன்படி, மகிழ்ச்சியாக இரு என்று ஒருவருக்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. அன்பு வளர்வதற்கு வழி செய்யலாம், அதை அடைத்து நிற்பவற்றை அகற்றலாம். பொதுநிலையினர் சபையின் எட்டு நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கண்கொண்டு படிக்கும்போதுதான், வறண்ட சட்டங்களாகத் தோன்றும் அதன் பழைய ஏடுகள் பேசத் தொடங்குகின்றன.

அந்த ஏடுகளில் முதன்மையானது 1221ஆம் ஆண்டின் வாழ்வொழுங்கு. இத்தாலிய நகரங்களில் தவ வாழ்வை மேற்கொண்ட இல்லறத்தாருக்காக எழுதப்பட்டது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு அதில் தடைகள் மட்டுமே தெரியும். முழம் ஆறு ராவென்னா சொலிதிக்கு மேற்படாத, சாயம் ஏற்றாத எளிய துணியையே உடுத்த வேண்டும். விருந்து, கூத்து, நடனம் பக்கம் போகக் கூடாது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் தவிர மற்ற நாள்களில் இறைச்சி கிடையாது. கொலைக்கருவி ஏந்தக் கூடாது. சத்தியம் செய்வதற்கும் கடுமையான வரம்பு உண்டு. மகிழ்ச்சியைப் பற்றிப் பேச்சே காணோம் என்று ஆய்வாளர் சிலர் இந்த ஏட்டைக் கடந்துபோயிருக்கக் கூடும்.

ஆனால் நுழைவு விதிகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். சேர வருபவர் முதலில் பிறருக்குத் தர வேண்டியதைத் திருப்பித் தந்தாக வேண்டும், பகையாளியோடு ஒப்புரவாக வேண்டும். சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் உயில் எழுதிவிட வேண்டும். மாதம் ஒருமுறை எல்லாரும் கூடி, ஆளுக்கு ஒரு காசு பொதுப்பெட்டியில் போட வேண்டும். அப்பணம் உறுப்பினருள் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போகும். நோயில் விழுந்தவரைச் சபைப் பொறுப்பாளர் வாரம் ஒருமுறையாவது நேரிலோ ஆள்வழியோ விசாரிக்க வேண்டும். கடன், பகை, சொத்துத் தகராறு, கேட்பாரற்ற நோய்ப்படுக்கை ஆகிய நான்கும் எந்தக் காலத்திலும் இல்லறத்தாரின் தூக்கத்தைக் கெடுப்பவை. 1221ஆம் ஆண்டின் ஒழுங்கு அந்த நான்கையும் பெயர் சொல்லிக் களைகிறது. மகிழ்ச்சி என்ற சொல்லை எழுதாமலே அதற்கு இடம் ஒழித்து வைத்த ஏடு என்று இதைக் கூறலாம். ஆயுதம் ஏந்தாமைக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. ஃபாயென்சா நகரில் தவ வாழ்வினரைப் போருக்கு உறுதிமொழி எடுக்கச் சொல்லி ஆட்சியாளர் வற்புறுத்தியபோது, திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அதே 1221 டிசம்பரில் ரிமினி ஆயருக்குக் கடிதம் எழுதி அவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருந்தது.

மகிழ்ச்சியின் உள்ளடக்கம் என்ன என்பதைச் சட்ட ஏடுகளில் தேடக் கூடாது. அது அசிசி பிரான்சிஸ் தம் தோழர் லியோவிடம் சொல்லி எழுதச்செய்த ஒரு சிறு உரையில் இருக்கிறது. பாரிஸ் பேராசிரியர்கள் எல்லாரும் சபையில் சேர்ந்துவிட்டார்கள், பிரான்சு, இங்கிலாந்து மன்னர்களும் வந்துவிட்டார்கள், பிற சமயத்தார் எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்றெல்லாம் செய்தி வந்தாலும் அவற்றில் உண்மை மகிழ்ச்சி இல்லை என்கிறார் பிரான்சிஸ். பிறகு ஒரு காட்சியை விரிக்கிறார். குளிர்காலத்து நள்ளிரவு. பெருஜியாவிலிருந்து சேறு படிந்து நடந்து வருகிறார். அங்கியின் கரையில் உறைந்த பனிக்கட்டி கெண்டைக்காலில் உரசி உரசி இரத்தம் கசிகிறது. சொந்த மடத்துக் கதவைத் தட்டுகிறார். நெடுநேரம் கழித்து ஒரு சகோதரர் வந்து யார் என்று கேட்கிறார். பெயரைச் சொன்னதும், இது வருகிற நேரமா, போ என்கிறார். மறுபடி கெஞ்சினால், நீ படிப்பறிவில்லாதவன், இப்போது எங்களுக்கு நீ தேவையில்லை, வேறு விடுதிக்குப் போய்க் கேள் என்று கதவைச் சாத்துகிறார். அந்த நேரத்திலும் பொறுமை இழக்காமல், நெஞ்சு கலங்காமல் இருக்க முடிந்தால் அதுவே உண்மை மகிழ்ச்சி என்று உரை முடிகிறது.

பின்னாளில் ‘பூந்துணர்’ என்று பெயர்பெற்ற தொகுப்பில் இக்கதை முடிச்சுத் தடியால் அடிவாங்கும் அளவுக்கு நீண்டுவிட்டது. மக்களிடம் பரவியதும் அந்த நீண்ட வடிவமே. எனினும் பொதுநிலையினருக்கு நெருக்கமானது குறுகிய வடிவம். அதில் வலி அடியிலிருந்து வரவில்லை. தான் தொடங்கிய வீட்டிலேயே தனக்கு இடமில்லை என்ற சொல்லிலிருந்து வருகிறது. வளர்த்த பிள்ளைகள் பேச்சை மதிக்காத தாய்க்கும், நாற்பது வயதில் வேலையிடத்தில் ஓரங்கட்டப்பட்டவருக்கும், பங்கில் உழைத்துக் கடைசியில் பெயர்கூடச் சொல்லப்படாதவருக்கும் அந்தக் கதவு அறிமுகமானது. தோல்வியோ புறக்கணிப்போ பறித்துக்கொள்ள முடியாத ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதே அந்த உரையின் கருத்து.

இக்கதைக்கு வாழ்க்கையில் கிடைக்கும் வலுவான சான்று துரிங்கியாவின் எலிசபெத்து. 1207இல் ஹங்கேரி அரசர் குடும்பத்தில் பிறந்தவர், சபையின் பாதுகாவலராக இன்றும் போற்றப்படுபவர். மூன்றாம் சபை என்றும் அழைக்கப்படும் இச்சபையில் அவர் முறைப்படி சேர்ந்தாரா என்பது ஆய்வாளரிடையே தீராத விவாதம். அவர் வாழ்வு அந்த இயக்கத்தின் மூச்சில் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. 1227 செப்டம்பரில் கணவர் லுட்விக் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட வழியில் ஒத்ராந்தோவில் இறந்தார். இருபது வயதில் கைம்பெண்ணான எலிசபெத்து வார்ட்பூர்க் கோட்டையைவிட்டு ஐசனாக் நகருக்குள் இறங்கினார். முதல் இரவு அவருக்குக் கிடைத்தது ஒரு மதுக்கடைக்காரரின் கொட்டில். அதுவரை பன்றிகள் அடைந்து கிடந்த இடம் அது. விடிவதற்கு முன், காலைச் செபத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில், அவர் எழுந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் இல்லத்துக்குப் போய், ‘தே தேயும்’ நன்றிப் பாடலைப் பாடுமாறு கேட்டுக்கொண்டார். அவருடைய பணிப்பெண்கள் நால்வர் புனிதர்பட்ட விசாரணையில் அளித்த வாக்குமூலம் இதைப் பதிவு செய்திருக்கிறது. கதவு அடைபட்ட குளிர் இரவும் அதன் முடிவில் நன்றிப் பாடலும், பிரான்சிஸ் சொன்ன கதையை அப்படியே நடந்துகாட்டியதுபோல் அமைந்துவிட்டன.

1228இல் அவர் மார்பூர்க்கில் பிரான்சிசின் பெயரால் மருத்துவமனை எழுப்பினார். சீருடை மாதிரி எளிய சாம்பல்நிற அங்கி அணிந்து நோயாளிகளைத் தம் கையால் குளிப்பாட்டினார், படுக்க வைத்தார். மக்களை மகிழ்விக்க வேண்டும் என்பது அவர் தோழியரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. 24 வயதில், 1231 நவம்பரில் இறந்தார். நான்கே ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவர் கதையில் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அவருடைய ஆன்ம குரு மார்பூர்க்கின் கொன்ராட் அவரை அடிக்கச் செய்தார், அன்புக்குரிய தோழியரை அவரிடமிருந்து பிரித்தார். அத்தகைய தண்டனை ஒன்றுக்குப் பிறகுதான் எலிசபெத்து ஆற்றில் வளரும் நாணலைக் காட்டிப் பேசினார்: வெள்ளம் வரும்போது நாணல் தலைசாய்கிறது, வெள்ளம் வடிந்ததும் பழையபடி நிமிர்ந்து களிப்போடு வளர்கிறது. இச்சொல்லைப் பக்தி நூல்கள் அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் போற்றி வந்திருக்கின்றன. இன்றைய வாசகர் அதை வேறு கண்ணோடும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார். எலிசபெத்தின் மகிழ்ச்சி கொன்ராடின் பிரம்பிலிருந்து வந்ததன்று. அது அவருக்கு மருத்துவமனையிலும், ஏழைகளின் நடுவிலும், செபத்திலும் ஊறியது. பிரம்பால் அதை அழிக்க முடியவில்லை, அவ்வளவே. நிறைமகிழ்வுக் கதையைக் காட்டி, அடிக்கும் கணவனோடு பொறுத்துப்போ என்று மனைவிக்கும், குறைகூலியை மகிழ்ந்து ஏற்றுக்கொள் என்று தொழிலாளிக்கும் உபதேசம் செய்வது அந்தக் கதையைத் தலைகீழாக்குவதாகும். பிரான்சிஸ் வெளியே நின்று பேசினார். கதவுக்கு உள்ளே நிற்பவருக்கு அந்தக் கதையை மேற்கோள் காட்டும் உரிமை இல்லை.

துன்பத்தின் வழியாக மட்டுமே இம்மரபு மகிழ்ச்சியைக் கண்டது என்றும் கொள்ளக் கூடாது. உரோமைச் சீமாட்டி ஜாக்கோபா கணவரை இழந்தவர், பிள்ளைகளை வளர்த்தவர், பிரான்சிசின் நெருங்கிய தோழி. அவர் செய்யும் வாதுமைப் பணியாரம் பிரான்சிசுக்கு மிகவும் பிடிக்கும். 1226இல் சாகும் தறுவாயில், அந்தப் பணியாரமும், அடக்கத்துக்குச் சாம்பல்நிறத் துணியும் கொண்டுவரும்படி அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். கடிதம் புறப்படுமுன்னே ஜாக்கோபா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதாகத் தோழர்களின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. பெண்களை உள்ளே விடக் கூடாது என்ற விதி அன்று அவருக்காகத் தளர்த்தப்பட்டது. கடுந்துறவி ஒருவர் மரணப் படுக்கையில் இனிப்புக் கேட்டதில் இம்மரபு எந்த முரணையும் காணவில்லை. ஜாக்கோபாவின் உடல் அசிசிப் பேராலயத்தில், பிரான்சிசின் கல்லறைக்கு அருகிலேயே இருக்கிறது. சபையின் முதல் உறுப்பினராக மரபு போற்றும் பொஜ்ஜிபொன்சி வணிகர் லுக்கேசியோவும் அவர் மனைவி பொனதொன்னாவும் இவ்வரிசையில் வருபவர்களே. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே தவம் ஏற்ற குடும்பம் அது.

இடைக்காலத்துக்குப் பின்வந்த விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1289 ஆகஸ்டில் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் ஒழுங்கை உறுதிப்படுத்தினார். 1883 மே 30இல் பதின்மூன்றாம் லியோ அதைச் சுருக்கி எளிதாக்கினார். தோள்பட்டைச் சிறுதுணி, இடுப்புக்கயிறு, நாள்தோறும் பன்னிரண்டு முறை கர்த்தர் கற்பித்த செபமும் மங்களவார்த்தையும் திரித்துவப் புகழும் என்ற அளவில் கடமைகள் நின்றன. ஏராளமானோர் சேர வழி பிறந்தது. அதேசமயம், சேர்வது ஒரு பக்தி முயற்சியாக மட்டும் குறுகிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது.

1978ஆம் ஆண்டின் விதிநூல் அந்தக் குறுக்கத்தை உடைத்தது. அதன் 18ஆம் விதி படைப்புகளை மதிக்கச் சொல்கிறது. 19ஆம் விதி முதலில் அமைதியையும் மன்னிப்பையும், அடுத்து நிறைமகிழ்வையும், கடைசியில் சகோதரி மரணத்தையும் பேசுகிறது. பிரான்சிஸ் 1225இல் சான் தமியானோவில் கண்பார்வை மங்கி நோயில் கிடந்தபோது இயற்றத் தொடங்கிய படைப்புகளின் பாடலும் இதே வரிசையில்தான் வளர்ந்தது. முதலில் கதிரவனும் நீரும் நிலமும். பிறகு, அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் மூண்ட பகையைத் தீர்க்கச் சேர்த்த மன்னிப்புப் பகுதி. இறுதியில் மரணத்தைச் சகோதரியாக வரவேற்கும் பகுதி. விதிநூல் ஆசிரியர்கள் இந்த ஒற்றுமையைத் திட்டமிட்டார்களா என்பது முக்கியமன்று. பகை தீர்ந்த இடத்துக்கும் சாவு அச்சம் நீங்கிய இடத்துக்கும் நடுவில் மகிழ்ச்சி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற பொது ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி மேலே போய், பரவிக் கிடக்கும் அவநம்பிக்கைக்கு மாற்றாக நிற்பதைச் சமூகக் கடமையாகவே சேர்த்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கடமையின் எல்லையைத் தொட்டவர் ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். 1940இல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இட்லரின் படையில் போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று, மனைவியையும் சிறு பிள்ளைகளையும் விட்டு, பிராண்டன்பூர்க்கில் தலை வெட்டப்பட்டார். 2007இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஆயுதம் ஏந்தாமை என்ற 1221ஆம் ஆண்டின் விதியோடு அவரை இணைத்துப் படிக்க வேண்டும். டப்ளின் மரக்கிடங்குக் கூலியாள் மாட் டால்பட் வேறொரு வகை. பன்னிரண்டு வயதில் பிடித்த குடிப்பழக்கத்தை 1884இல் விட்டவர், 1890இல் சபையில் சேர்ந்து, சாகும்வரை மதுவைத் தொடாமல் வாழ்ந்தார். முன்னவரிடம் மகிழ்ச்சி அசையாத அமைதியாகவும், பின்னவரிடம் நாள்தோறும் மீட்டெடுக்கும் விடுதலையாகவும் தெரிகிறது. சிரித்த முகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இருவருமே நழுவிவிடுவார்கள்.

இத்துறையில் செய்ய வேண்டிய வேலை மிகுதி. புனிதர்களின் வரலாறு போதிய அளவு எழுதப்பட்டிருக்கிறது. பெயரில்லாத உறுப்பினர்களின் வாழ்வு இன்னும் ஏடுகளில் உறங்குகிறது. தலக் குழுக்களின் மாதக் கூட்டக் குறிப்புகள், பொதுப்பெட்டிக் கணக்குகள், நோயாளிச் சந்திப்புப் பதிவுகள், உயில்கள் ஆகியவை அதற்குரிய முதன்மைச் சான்றுகள். பெண் உறுப்பினரின் கடிதங்களும் வாய்மொழி நினைவுகளும் பங்கு இல்லங்களின் அலமாரிகளில் செல்லரிக்குமுன் தொகுக்கப்பட வேண்டும். இறையியலார் மகிழ்ச்சியை வரையறுப்பதோடு நிற்காமல், அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதிலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இவ்விரு பணிகளையும் இங்கு கூடியுள்ள இளம் ஆய்வாளர்கள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.