ஸ்பெசிபிகேஷன் தெரிந்தால் நெல் திரும்பாது



'ஸ்பெசிபிகேஷன்' என்ற ஆங்கிலச் சொல் வள்ளூர் பக்கத்தில் புதிதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்குப் போகும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். குறித்த அளவில் இல்லாத உருப்படி கழிக்கப்படும் என்பார். வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் விவரமே அது.

நெல்லுக்கும் அது உண்டு. நேரடி கொள்முதல் நிலையங்களுக்கு மத்திய அரசு வகுத்துள்ள உச்ச அளவு, நூற்றுக்கு இவ்வளவு:

ஈரப்பதம் 17
கல், மண் 1
வைக்கோல், பதர் போன்றவை 1
சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டரித்த மணிகள் 5
முதிராமல் சுருங்கியவை 3
தாழ்ந்த ரகக் கலப்பு 6

மழைக்காலத்தில் ஈரப்பத அளவைத் தனி ஆணையால் தளர்த்துவதும் உண்டு. அதை முன்னதாகவே விசாரித்துக் கொள்ளுங்கள்.

காயவைத்தால் எடை குறையுமே என்று அஞ்ச வேண்டாம். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96 கிலோ 400 கிராம் நிற்கும். போனது தண்ணீர்தான். ஈர நெல் திரும்பினாலோ வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, காவல் எல்லாம் நம் தலையில்.

ஆகவே களத்திலேயே மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவையுங்கள். நன்கு தூற்றி மூட்டை பிடியுங்கள். நிலையத்தில் ஈரப்பதமானி காட்டும் எண்ணை நீங்களும் பாருங்கள். அளவு தெரிந்தவருக்கே 'எவ்வளவு ஈரம்?' என்று கேட்கும் துணிவு வரும்.