அடுக்களை அறிவும் பொதுநலமும்
(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் புலவர், வள்ளல், நாட்டுத் தொண்டர் முதலியோரின் சரிதங்களைப் பலகாலும் கேட்டிருக்கின்றீர்கள். யாம் இன்று எடுத்துக்கொண்டதோ, சமையலைச் சொல்லிக் கொடுப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட ஓர் ஆங்கில மாதரசியின் சரிதம். "சமையலைப் பற்றிப் பேசுதற்கும் ஒரு கூட்டம் வேண்டுமோ?" என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினர். நாள்தோறும் மும்முறை நாடுகின்ற ஒன்றைப் பற்றி வாழ்நாளில் ஒருமுறை சிந்தித்தல் குற்றமாகாது என்று விடை கூறினோம். அவரும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார், மகிழ்ச்சி.

அம்மையாரின் பெயர் மார்கரீட் பேட்டன். இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில் 1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் பிறந்தார். இலண்டனுக்கு வடக்கேயுள்ள பார்னட் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் அச்சுத் தொழிலினர். மகளுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய காலத்தில் அவர் இறந்துபட்டார். மூன்று மக்களோடு தனித்து நின்ற தாயார், முன்னர்த் தாம் செய்துவந்த ஆசிரியைத் தொழிலுக்கு மீண்டும் சென்றார். தாயார் பள்ளிக்குச் செல்ல, தம்பிக்கும் தங்கைக்கும் உணவு சமைக்கும் பொறுப்பு மூத்த மகளைச் சார்ந்தது. பிற்காலத்தில் ஒரு தேசத்துக்கே அடுப்படியில் துணைநின்ற கை, இவ்வாறு வறுமையின் வாயிலில் பழகிய கையாகும்.

இவ்விடத்தில் சிறிது நிற்போம். கணவனை இழந்த மாது பொருளீட்டச் செல்வதை இழிவென்று எண்ணிய குடும்பங்கள் நம்மிடையேயும் இருந்தன. அவ்வெண்ணம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எம்மால் இயலாது. அத்தாயார் வீட்டினுள்ளே ஒடுங்கியிருந்திருப்பின் அம்மக்களின் கதி யாதாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பீர்களாக.

கல்வி முடிந்தபின் மார்கரீட் அம்மையார் மின்சார நிறுவனம் ஒன்றில் சமையற்கலை விளக்குநராக அமர்ந்தார். இடையே சில மாதங்கள் நாடக மேடையிலும் நடித்தார். பின்னர்க் குளிர்சாதனப் பெட்டிகளை விற்கும் நிறுவனத்தில் சேர்ந்து, அப்புதிய கருவியைக் கையாளும் வகையை மக்களுக்குக் காட்டிவந்தார். கூட்டத்தின் முன் அஞ்சாது நிற்கவும், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தெளிவாகப் பேசவும் அவர் கற்ற காலம் இஃதே.

1939ஆம் ஆண்டில் யுத்தம் மூண்டது. பிரிட்டன் தான் உண்ணும் உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடல் கடந்தே தருவித்து வந்த தேசம். நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும், பணமிருந்தும் பண்டமில்லாத நிலை வந்தெய்தியது. 1940ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் பங்கீட்டு முறை தொடங்கியது. பின்னர் ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இவையே: வெண்ணெய் 2 அவுன்சு, தேயிலை 2 அவுன்சு, சர்க்கரை 8 அவுன்சு, முட்டை ஒன்று. இரண்டு அவுன்சு என்பது அறுபது கிராமுக்கும் குறைவு. பங்கீட்டுக் கடையின் வரிசையில் நின்று பழகிய நம் தாய்மார்களுக்கு இக்கணக்கை விரித்துரைத்தல் மிகை.

அந்நாளில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் செய்த ஒரு காரியம் நாம் கருதத்தக்கது. உணவைப் பங்கிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உள்ளதைக் கொண்டு உடல்நலம் குன்றாமல் சமைக்கும் அறிவையும் பங்கிட்டனர். உணவமைச்சகத்தார் அதற்கெனச் சமையற்கலை வல்ல மாதர்களை நியமித்தனர். மார்கரீட் அம்மையார் அவர்களுள் ஒருவராயினார். சந்தைகளிலும், தொழிற்சாலை உணவுச் சாலைகளிலும், மருத்துவமனைகளிலும், தாய்சேய் நல விடுதிகளிலும் அடுப்பை மூட்டிச் சமைத்துக் காட்டினார். இலண்டனில் ஹாரட்ஸ் என்னும் பெரிய அங்காடியில் இயங்கிய உணவு ஆலோசனை நிலையத்தையும் பின்னர் நடத்தினார். பி.பி.சி. வானொலியில் காலை 8.15 மணிக்கு ஐந்து நிமிடமே ஒலிபரப்பாகிய 'அடுக்களைப் போர்முனை' என்னும் நிகழ்ச்சியிலும் பேசினார். கணவர் வான்படையில் பணிபுரிய, மனைவியார் அடுக்களைப் படையில் பணிபுரிந்தனர் என்னலாம்.

அவர்கள் கற்பித்தவை யாவை? காய்கறிகளை நிறைய நீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுதல் அந்நாட்டு வழக்கம். அதனால் உயிர்ச்சத்து நீரோடு போய்விடும். ஆதலின், சிறிதளவு நீரில் மூடிவைத்து விரைவில் வேகவைத்து, எஞ்சிய நீரையும் குழம்பில் சேர்க்கும்படி கூறினர். உருளைக்கிழங்கைத் தோலோடு அவிக்கச் சொன்னார்கள். சர்க்கரை குறைந்த இடத்தில் காரட்டின் இனிப்பைக் கொள்ளச் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடியைக் கண்டு குடும்பப் பெண்கள் திகைத்தபொழுது, மட்டமாக ஒரு கரண்டிப் பொடிக்கு அதே கரண்டியால் இரண்டு கரண்டி நீர் விட்டுக் கலக்கினால் ஒரு முட்டைக்கு ஈடாகும் என்று அளவிட்டுக் காட்டினர்.

அன்பர்களே! இவ்வளவில்தான் எம் சொற்பொழிவின் கருத்து அடங்கியிருக்கின்றது. "கொஞ்சம் பொடி, தேவையான நீர்" என்று சொல்லியிருப்பின், கைப்பழக்கம் உள்ளவளுக்கு மட்டும் அது விளங்கியிருக்கும். புதிதாய் மணந்த பெண்ணுக்கும், தாயை இழந்த சிறுமிக்கும் விளங்கியிராது. ஒருத்தியின் கையிலிருந்த அறிவு, அளவும் சொல்லும் பெற்றபொழுது ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று. பன்னிரண்டு வயதில் அடுப்பின் முன் நின்ற சிறுமிக்கு எவ்வாறு சொன்னால் விளங்குமோ, அவ்வாறே அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் பிறர்க்குச் சொல்லிவந்தார் என்பது எம் எண்ணம்.

யுத்தம் 1945இல் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. யுத்த காலத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டி, 1946ஆம் ஆண்டு ஜூலை முதல் இரண்டு ஆண்டுகள் பங்கிடப்பட்டது. இறைச்சி அரிதாகவே, திமிங்கிலத்தின் ஊனையும் சமைத்துக் காட்டும் கடமை அம்மையாரைச் சார்ந்தது. (புலால் உண்ணாத அன்பர்கள் பொறுத்தருள்க.) அது வேகும்பொழுது எழும் நாற்றம் சகிக்கவொண்ணாதது என்பதை அவர் பின்னாளில் ஒளியாமல் கூறினார். இல்லாததை இருப்பதுபோலவும், சுவையற்றதைச் சுவையுள்ளது போலவும் அவர் புனைந்துரைத்தாரல்லர். ஆகவே மக்கள் அவர் சொல்லை நம்பினர். இறைச்சிப் பங்கீடு நீங்கி அம்முறை முற்றும் ஒழிந்தது 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாளில்தான்.

இதற்கிடையே 1947ஆம் ஆண்டில், அந்நாட்டில் தொலைக்காட்சி இலண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடவாதிருந்த காலத்தில், மாதர்க்கென அமைந்த பி.பி.சி. நிகழ்ச்சியில் தோன்றிச் சமைத்துக் காட்டினார். அவர் சமையலைக் காண, இலண்டனின் புகழ்மிக்க பல்லேடியம் அரங்கமும் நிரம்பி வழிந்ததுண்டு. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது வண்ணப்படச் சமையல் நூல் இல்லந்தோறும் புகுந்தது. அவர் இயற்றிய நூல்கள் 170க்கு மேற்பட்டன. அவற்றுள் விற்பனையான படிகள் ஒரு கோடியே எழுபது இலட்சம் என்பர். அரசாங்கம் 1991இலும் 2010இலும் விருதளித்துச் சிறப்பித்தது. ஆயினும் 'புகழ்பெற்ற சமையற் கலைஞர்' என்று தம்மை அழைப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாம் ஒரு மனையியல் வல்லுநரேயன்றி வேறல்லர் என்பதே இறுதிவரை அவர் கூறிய விடை. 2015ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தமது தொண்ணூற்றொன்பதாம் வயதில் அம்மையார் இவ்வுலகவாழ்வை நீத்தார்.

இனி, இச்சரிதத்தால் நமக்கு ஆவது யாது?

எம் அன்னையார் இடும் நாரத்தங்காய் ஊறுகாய் ஓராண்டு இருந்தும் கெடாது. உப்பின் அளவு என்ன, வெயில் எத்தனை நாள் என்று யாம் ஒருநாளும் கேட்டோமில்லை. கேட்கவேண்டும் என்னும் அறிவு எமக்கு உதித்த காலத்தில், சொல்லுதற்கு அவர் இல்லை. உண்ணும்பொழுது புகழ்ந்தோம், அறிவென்று மதித்தோமல்லோம். இக்குறை எம் ஒருவருடைய குறை மட்டுமன்று என்பதை உங்கள் முகங்களே சொல்கின்றன.

பிள்ளை பெற்றவளுக்கு முதற் பத்து நாளும் என்ன பத்தியம், ஒரு படி அரிசி எத்தனை பேருக்குக் காணும், மழைக்காலத்தில் பருப்பை வண்டு அண்டாமல் வைப்பது எவ்வாறு என்பனவெல்லாம் இன்று இக்கூடத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. சங்கத்தின் ஆண்டுவிழாக்களில் பொருள் கொடுத்தவர்களுக்கு மாலையிடுகின்றோம், அது தக்கதே. அவ்விழாவில் ஐந்நூறு பேருக்கு இலையிட்டு, சோறு குறையாமலும் மிகாமலும் கணக்கிட்ட தாயாரின் பெயரை எந்த ஆண்டறிக்கையிலேனும் அச்சிட்டோமா? இல்லை. இதனைக் குற்றமாகச் சாட்டவில்லை. யாமும் அவ்வறிக்கைகளை எழுதியவர்களுள் ஒருவரே.

ஆகையால் இச்சபையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நம் குடும்பங்களில் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், வரும் விடுமுறையில் தத்தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, அவர் செய்யும் பண்டம் ஒன்றையேனும் அளவோடு எழுதிவருக. பாட்டியார் "கண் அளவு" என்பார், விடாதீர்கள். அவர் கையில் அள்ளியதை வாங்கித் தராசில் இட்டு நிறுத்து எழுதுங்கள். எழுதியதைக் கொண்டு நீங்களே ஒருமுறை சமைத்துப் பாருங்கள். பிழை அப்பொழுது வெளிப்படும். சொன்னவர் பெயரோடு மாதம் ஒன்றாக நம் சஞ்சிகையில் வெளியிடும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம்.

கேட்பதற்கு ஆளிருந்தால் சொல்லுதற்கு அவர்கள் ஆயத்தமாகவே இருக்கின்றனர். காலந்தாழ்த்தாது கேட்போமாக.