எத்தனை அடி தூரம்?



நம்ம மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலேறி சிதம்பரத்துக்குப் படிக்கப் போனவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் ஒரு சிலையைப் பார்த்திருப்பீர்கள். ராஜேந்திரன். சிவகங்கைப் பிள்ளை. இந்தி ஆட்சிமொழியான மறுநாள், 1965 சனவரி 27, அதை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் செத்தார். அவருடைய அப்பாவும் போலீஸ்காரர்தான். காக்கிச்சட்டைச் சம்பளத்தில் படிக்க வந்தவன் காக்கிச்சட்டையின் குண்டுக்கே பலியானான்.

எந்தத் துப்பாக்கிச்சூடானாலும் மறுநாள் அறிக்கை ஒன்றுதான்: "கல்லெறிந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்." உடனே நாமும் டீக்கடையில் உட்கார்ந்து, முதல் கல்லை எவன் எறிந்தான் என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். எனக்கு அந்தப் பட்டிமன்றமே பிடிக்காது.

ஏன் என்று சொல்கிறேன், அமெரிக்காவுக்கு வாருங்கள். 1970 மே 4, ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். வியட்நாம் போரைக் கம்போடியாவுக்கும் நீட்டாதே என்று மாணவர்கள் கூடினார்கள். தேசியக் காவல்படை 13 வினாடியில் 60 தடவைக்கு மேல் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். அங்கேயும் கல் கதைதான் சொன்னார்கள். ஆனால் தூரத்தை அளந்து பார்த்தார்களே, அங்கேதான் குட்டு உடைந்தது! செத்தவர்களில் மிகக் கிட்டத்தில் நின்றவரே 250 அடிக்கு அப்பால். நம்மூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறீர்கள், சொல்லுங்கள்: 250 அடியிலிருந்து எறிகிற கல்லுக்குப் பயந்து ஒருவன் துப்பாக்கியைத் தூக்குவானா? நால்வரில் இருவர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதிபர் நிக்சனே அமைத்த குழு, அந்தச் சூடு தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதிவைத்தது. சுட்டவர் ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை, அது வேறு கதை.

பத்தே நாளில், அதே அமெரிக்காவில், ஜாக்சன் ஸ்டேட் கல்லூரி. கறுப்பினப் பிள்ளைகள் படிக்கிற இடம். மாணவியர் விடுதியைப் பார்த்துப் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். கென்ட் ஸ்டேட்டைத் தெரிந்த எத்தனை பேருக்கு ஜாக்சன் தெரியும்? செத்த பிறகும் நிறம் பார்க்கிறது உலகம்.

நம் தமிழ்நாட்டுக்கே திரும்புவோம். 2009-இல் ஈழப்போரை நிறுத்து என்று நம் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, தமிழக அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. குண்டு விழவில்லை என்று ஆறுதல் பட்டோம். கூடிப் பேசுகிற இடத்தையே பூட்டினால் துப்பாக்கி எதற்கு?

ஆகவே பிள்ளைகளே, இனி எங்கே சுட்டாலும் இரண்டைக் கேளுங்கள். சுடச் சொன்ன அதிகாரி யார்? செத்தவன் எத்தனை அடி தூரத்தில் நின்றான்? இதற்குப் பதில் வரட்டும், கல்லைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.