யாருடைய வாழ்க்கைத் தரம்? வாவிக்கரையும் வளைகுடாவும்



இந்த உரையை ஒழுங்குசெய்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த ஆசிரியர், விடைக்குக் கொடுத்த மதிப்பைவிடக் கேள்விக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தவர். ஆகவே ஒரு கேள்வியையே அவருக்குக் காணிக்கையாக்குகிறேன். வாழ்க்கைத் தரத்தில் உயர்ந்தது நம் நாடா, நம் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகும் வளைகுடா நாடுகளா?

1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற பொருளியலாளர் சிசு மரணம், ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு மூன்றையும் சேர்த்துப் பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண் ஒன்றை வெளியிட்டார். வருமானத்தில் மிகப் பின்தங்கியிருந்த இலங்கை அதில் நூற்றுக்கு 80ஐத் தாண்டியது. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் அரிசிப் பங்கீடும் செய்த வேலை அது. எண்ணெய்ப் பணம் கொழித்த சவூதி அரேபியா 50ஐயும் எட்டவில்லை.

இன்று நிலை தலைகீழ். 2022ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து ஐ.நா. வெளியிட்ட மனித அபிவிருத்திப் பட்டியலில் ஐக்கிய அரபு இராச்சியம் 17ஆம் இடம், சவூதியும் கத்தாரும் 40ஆம் இடம், இலங்கை 78ஆம் இடம்.

பட்டியலை நம்பினால் என் உரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் சராசரி எதை மறைக்கும் என்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கர்ப்பிணி அந்தத் துறையில் பாதைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர்க்கரைப் பெண் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி. மாவட்டப் புள்ளிவிவரத்தில் இருவருக்கும் ஒரே எண்தான்.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிராமங்களில் பாதி கட்டிய கல்வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்திவாரமும் சுவரும் அம்மா முதல் இரண்டு வருடம் வளைகுடாவிலிருந்து அனுப்பிய காசில் எழுந்தவை. கூரை அடுத்த தடவை போனபோது. பூச்சும் யன்னலும் இன்னும் பாக்கி. தாய்வழிக் குடிமுறை வேரோடிய மண் இது. வீடு பெண் பிள்ளைக்கே சேரும். மகளுக்குச் சீதன வீடு கட்டவே தாய் கடல் கடக்கிறாள். அந்த மகள் அம்மம்மாவோடு படுக்கிறாள். இரவில் இமோ செயலியில் தாயின் அழைப்பு வருகிறது. "பள்ளிக்குப் போனியா மனே?" என்று கேட்டு முடிப்பதற்குள் அங்கே யாரோ கூப்பிடுகிறார்கள், அழைப்பு அறுகிறது.

ஊரில் வீட்டுக்கு உரியவளாக இருக்கக்கூடிய அதே பெண்ணுக்கு, அங்கே சில வீடுகளில் வாசற்கதவின் திறப்பும் கிடையாது, கடவுச்சீட்டும் கையில் கிடையாது. கஃபாலா முறை அவளுடைய விசாவை எசமானரோடு கட்டிவைக்கிறது. 40ஆம் இடத்துக்குரிய வசதியெல்லாம் அவள் துடைக்கும் அந்த வீட்டில் இருக்கிறது. அவள் பங்கில் எவ்வளவு வருகிறது என்பதைப் பட்டியல் சொல்லாது.

நியாயமாகவும் பேச வேண்டும். போனவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு திரும்பவில்லை. நல்ல வீடு வாய்த்தவர்கள் உண்டு. தன் பெயரில் வங்கிக் கணக்கை முதன்முதலாகத் திறந்தவர்களும் உண்டு. கத்தார் 2020இல் எசமானரின் சம்மதமின்றி வேலை மாற வழிவிட்டது. 2021 மார்ச்சில் 1000 ரியால் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை வீட்டுப் பணியாளர்களுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தியது. நம் அரசோ 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மாரைப் போகவேண்டாம் என்று மறித்தது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது சட்டம் மறித்தால் சுற்றுவழிதான் பிறக்கும். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிய நாட்டில், கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டும் ஒருத்தியிடம் "பிள்ளையை விட்டுப் போகாதே" என்று சொல்ல எவருக்கு உரிமை இருந்தது?

இதே அளவுகோலை நம் பக்கமும் திருப்புவோம். வளைகுடா எசமானியைக் குறை சொல்லும் நம்மிடையே, மலையகத்திலிருந்து பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேலைக்கு வைத்த வீடுகள் இருந்தன. அந்தப் பிள்ளைக்கு நம் நாட்டின் சுட்டெண் என்ன பயன் தந்தது?

ஒருவரால் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கச் சொன்னார் அமர்த்தியா சென். அதை நம் மண்ணுக்கு ஏற்ப இப்படிக் கேட்கிறேன்: கொக்கட்டிச்சோலையிலோ வாகரையிலோ ஒரு பெண்ணுக்குப் போகவும் முடிகிறதா, போகாமலிருக்கவும் முடிகிறதா? போனால் கடவுச்சீட்டும் கைபேசியும் ஓய்வுநாளும் அவளிடம் இருக்கவேண்டும். அதை உறுதிசெய்வது தூதரகத்தின் வேலை. போகாவிட்டால் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் சம்பளத்தோடு வேலையும், கழுத்தை நெரிக்காத கடனும் இங்கே வேண்டும். அது நம் பிரதேச சபைகளின், கூட்டுறவுச் சங்கங்களின், இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம் எல்லோரின் வேலை.

இந்த இரண்டும் கைகூடிய நாட்டையே வாழ்க்கைத் தரத்தில் உயர்ந்தது என்பேன். இன்றைய நிலையில் அந்தப் பெயருக்கு அவர்களும் தகுதி பெறவில்லை, நாமும் பெறவில்லை.