கைபேசியில் இணையம் நின்றுபோகும்போது

தமிழ் பேசும் குடியிருப்பாளருக்கான தகவல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை



யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆறு வாரம் தங்கிவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் வைஃபை இருப்பதால் இரண்டு நாள்களுக்கு அவருக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் புறப்பட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வரைபடம் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் போகவில்லை. கைபேசி பழுதாகிவிட்டது என்று அவர் முடிவு செய்கிறார். புதியது வாங்க வேண்டும் என்ற பேச்சு அன்று மாலையே வீட்டில் எழுகிறது. கைபேசியிலோ ஒரு பழுதும் இல்லை. ஊரில் வாங்கிய சிம் அட்டையே இன்னும் இணையத்துக்கு உரிய சிம்மாகத் தெரிவாகியிருக்கிறது.

இரண்டு சிம் வைத்திருப்பது நம் மக்களிடையே மிகவும் வழக்கம். ஊரிலுள்ள வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டைப் பெறுவதற்காகவே பலர் பழைய எண்ணை உயிரோடு வைத்திருக்கின்றனர். அதில் தவறில்லை. ஆயினும் அமைப்புகள் என்னும் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'மொபைல் டேட்டா' எந்தச் சிம்முக்கு உரியது என்பதை நாடு திரும்பியதும் பார்த்து மாற்றிவிட வேண்டும். ஊர்ச் சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' அணைந்தே இருக்கட்டும். அதை இயக்கினால் இணையம் வந்துவிடக்கூடும். கணக்கிலுள்ள பணமும் உடனே கரையத் தொடங்கும். வங்கிக் குறியீடு குறுஞ்செய்தியாக வருமானால் அதற்கு இணையம் தேவையில்லை. ஆகவே ரோமிங் டேட்டாவை அணைத்து வைப்பதால் அது தடைப்படாது.

இணையம் நின்றதும் கண்ட இடத்தையெல்லாம் அழுத்திப் பார்ப்பது வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. தடை கைபேசியில் உள்ளதா, கணக்கில் உள்ளதா, கோபுரத்தில் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வைஃபையை அணைத்துவிட்டுச் சாதாரண அழைப்பு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அழைப்பு போகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால், தடை பெரும்பாலும் அமைப்பிலோ கணக்கிலோ இருக்கும். அழைப்பும் இல்லை, அதே நிறுவனத்தின் சேவையைப் பெறும் அயலவருக்கும் இல்லை என்றால், கோளாறு வலையமைப்பில் உள்ளது. 2023 நவம்பர் 8 அன்று ஒப்டஸ் சேவை நாடு முழுவதும் பல மணி நேரம் நின்றபோது, கைபேசியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பயன் கிடைத்திராது.

அமைப்பில் பார்க்க வேண்டியவை சிலவே. 'ஏரோபிளேன் மோட்' தவறுதலாக இயங்கியிருக்கலாம். இயங்காதிருந்தாலும் அதை அரை நிமிடம் இயக்கி மீண்டும் அணைத்தால் கைபேசி கோபுரத்தைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். பல வேளைகளில் இதுவே போதும். ஒரு செயலி மட்டும் இயங்கவில்லை என்றால், அந்தச் செயலிக்கு மொபைல் டேட்டா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைபேசியின் நாளும் நேரமும் பிழையாக இருந்தாலும் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். இது பலரும் எண்ணிப் பாராத காரணம். வேறு நிறுவனத்தின் சிம்முக்கு மாறியிருந்தால் 'ஏபிஎன்' என்னும் இணைப்பு விவரம் பழைய நிறுவனத்தினுடையதாகவே நின்றிருக்கலாம். சரியான விவரத்தைப் புதிய நிறுவனத்திடமே கேட்டுப் பெற வேண்டும்.

முற்பணச் சேவையில் கணக்கின் காலம் முடிந்திருப்பதும் டேட்டா தீர்ந்திருப்பதும் மிகவும் சாதாரணமான காரணங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும் காணொளி ஒரு மாத டேட்டாவைச் சில நாள்களில் முடித்துவிடக்கூடும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எதுவும் பலிக்காத நிலையில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதைப் பயன்படுத்தலாம். அது படங்களையும் தொடர்பு எண்களையும் அழிக்காது. சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அழித்துவிடும். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இ-சிம்மையும் நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதைத் தெரிவு செய்யலாகாது. அருகிலேயே, கைபேசி முழுவதையும் அழிக்கும் வேறொரு தெரிவும் இருக்கும். இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதால், ஆங்கிலம் நன்கு வாசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்வது நல்லது.

இனி, இவற்றைவிடக் கவலைக்குரிய இரண்டு நிலைமைகள்.

முதலாவது, ஊரிலிருந்து கொண்டுவந்த கைபேசி. வோடபோன் தனது 3ஜி வலையமைப்பை 2024 தொடக்கத்திலேயே மூடிவிட்டது. டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் மூடின. சில கைபேசிகள் இணையத்துக்கு 4ஜியைப் பயன்படுத்தினாலும், 000 என்ற அவசர எண்ணை அழைக்க 3ஜியையே நம்பியிருந்தன. அத்தகைய கைபேசிகளுக்குச் சேவை வழங்கக்கூடாது என்பது இந்நாட்டின் விதி. ஆகவே வெளிநாட்டில் வாங்கிய கைபேசி இங்கே திடீரெனச் சேவையை இழந்தால், சிம்மை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அதை நிறுவனத்திடம் கொடுத்து, இந்தக் கைபேசி இங்கே 000 அழைக்கக்கூடியதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். சோதனைக்காக 000 எண்ணை அழைக்கவே கூடாது; அங்கே காத்திருக்கும் ஒருவரின் உயிர் அந்த அழைப்பில் தங்கியிருக்கலாம். உண்மையில் ஆபத்து நேர்ந்து அழைப்பவர், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுள் தேவையானதை ஆங்கிலத்தில் கூறி, அடுத்து 'தமிழ்' என்று சொன்னால் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

இரண்டாவது, களவு. அயலவரின் சேவை நன்றாக இருக்க, ஒருவரின் கைபேசியில் மட்டும் அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்று, திரையில் 'நோ சர்வீஸ்' அல்லது 'எஸ்ஓஎஸ்' என்று தோன்றினால், அவருடைய எண்ணை வேறொருவர் தம் சிம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். வங்கி அனுப்பும் குறியீடுகள் அப்போது திருடரின் கைக்குப் போகும். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று மாலைவரை காத்திருக்கலாகாது. வேறொருவரின் கைபேசியிலிருந்து முதலில் நிறுவனத்தையும் உடனடியாக வங்கியையும் அழைக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. 'உங்கள் இணையத்தில் கோளாறு உள்ளது, சரிசெய்து தருகிறோம்' என்று தாமாக அழைத்து, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வோரும் குறியீட்டைக் கேட்போரும் மோசடிக்காரரே. தமிழில் பேசினாலும் அவ்வாறே. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கட்டணச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணில் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம்.

நிறுவனத்துடன் தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தம் மொழியையும் பேச வேண்டிய நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் கூறலாம். நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்புத் துறைக் குறைகேள் அதிகாரியின் அலுவலகத்தை 1800 062 058 என்ற எண்ணில் அணுகலாம்; அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. நிறுவனத்துடன் பேசிய நாளையும், முறைப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த குறிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்போரின் வேலை அங்கே விரைவாக முடியும்.